பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸிங்: மானிட்டர், ஹெட்போன் கேள்வி பதில்

இருபது வருஷமாக ரெக்கார்டிங்கும், பதிவான குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கும்தான் தொழில். இன்று பவர்டு மானிட்டர் (உள்ளேயே ஆம்ப் உள்ள மிக்ஸிங் ஸ்பீக்கர்), ஹெட்போன் பற்றி மட்டும் கேளுங்கள். மைக் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

கேள்வி: அண்ணா, வீட்டில் பத்துக்குப் பத்து ரூம். அஞ்சு இன்ச் கோன் உள்ள மானிட்டர் வாங்கவா, எட்டு இன்ச்சா?

கூரை எத்தனை அடி தம்பி? நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பத்தடிதான். அப்படியென்றால் உங்கள் அறை ஒரு கனசதுரம். மிக்ஸிங்குக்கு அதைவிடக் கஷ்டமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்து ஒரு அதிர்வெண்ணில் தேங்கிவிடும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அது தெரியும்: பத்தடிக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே 57 குவிகிறது. கிக் டிரம்மின் கனம் உட்காரும் இடம் அது. அறை நடுவில் உட்கார்ந்தால் கிக் காணாமல் போகும். போதவில்லை என்று ஏற்றுவீர்கள். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும்.

எட்டு இன்ச் வாங்கினால் அந்த 57-ஐ இன்னும் பலமாகத் தட்டி எழுப்புவீர்கள். அஞ்சு இன்ச் போதும். யமஹா எச்எஸ்5 போன்றதைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவர் கூட்டும் பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, குறைக்கப் பின்பக்கம் 'ரூம் கன்ட்ரோல்' ஸ்விட்ச் இருக்கிறது: 0, -2, -4 டெசிபல். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும், ட்விட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரட்டும். மிச்சப் பணத்தில் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல் பஞ்சு) பலகை வாங்கி, துணி சுற்றி, மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை கனமாக அடுக்குங்கள். முதலில் அறை, பிறகுதான் ஸ்பீக்கர்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினால் போதுமா சார்?

போதாது. அது பேஸைத் தொடவே தொடாது. தீப்பற்றும் பொருளும்கூட. ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஹெட்போன் ஓப்பன்-பேக்கா, க்ளோஸ்டு-பேக்கா?

மிக்ஸ் செய்ய, பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன்-பேக். பாடகர் காதுக்கு, பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு-பேக், இல்லையென்றால் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும். சென்ஹைசர் எச்டி 600 வந்து (1997) இத்தனை வருஷமாகியும் குரலின் நடுப்பகுதியை அவ்வளவு நேர்மையாகக் காட்டுவது அரிது. ஆனால் அது 300 ஓம், பலமான ஆம்ப் கேட்கும். சின்ன இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டரோடு மைக், ஹெட்போன், ஸ்பீக்கரை இணைக்கும் பெட்டி) சத்தம் போதாமல் போகலாம், கடையிலேயே உங்கள் இன்டர்ஃபேஸில் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டுக்குப் பத்து ரூம். எட்டு இன்ச் வாங்கலாமா?

முதல் பதிலே உங்களுக்கும். அறையை முதலில் பாருங்கள்.

கேள்வி: மன்னிக்கவும், ரூம் ரூம் என்றே சொல்கிறீர்கள். நான் ஹெட்போனில் மட்டுமே மிக்ஸ் செய்கிறேன், நன்றாகத்தான் வருகிறது. கேட்பவர்களும் இயர்போனில்தானே கேட்கிறார்கள்?

பாதி சரி. பேஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஹெட்போனுக்கு அறையே கிடையாது, பத்தடி அறையில் நானும் கிக்கை ஹெட்போனில்தான் சரிபார்ப்பேன். மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஸ்பீக்கரில் இடது பக்கச் சத்தம் வலது காதுக்கும் போகிறது, ஒரு மில்லிசெகண்டின் கால் பங்கு தாமதமாக, தலை மறைப்பதால் கூர்மை குறைந்து. ஹெட்போனில் இது நடப்பதில்லை. நாகஸ்வரத்தை இடதிலும் தவிலை வலதிலும் வைத்தால் ஹெட்போனில் இரண்டும் இரு காதோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கரில் ஒரே மேடையில் நிற்கும். ரிவெர்பும் (எதிரொலிப்பும்) ஹெட்போனில் தெளிவாகக் கேட்பதால் குறைத்துவிடுவீர்கள், ஸ்பீக்கரில் பாட்டு வறண்டு போகும்.

கேள்வி: அதற்குத்தான் ஒரு பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் மறு காதுக்கும் கலக்கும் க்ராஸ்ஃபீட் ப்ளக்-இன் (சாஃப்ட்வேர்) போடுகிறேனே!

போடுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் பாட்டு மண்டபத்திலும் பஸ்ஸிலும் ஒலிக்கும். பல இடங்களில் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக விடுவார்கள். அகலமாகக் கேட்கட்டும் என்று ஒரு பக்கத்தின் ஃபேஸைத் திருப்பிய (அலையைத் தலைகீழாக்கிய) கீபோர்டு அங்கே அப்படியே அழிந்துபோகும். ஹெட்போனில் அது அழகாக விரிந்து கேட்டிருக்கும். மோனோ பட்டனை அழுத்தி, ஒரே ஸ்பீக்கரில், மெதுவான சத்தத்தில் ஒருமுறை கேளுங்கள். குரல் தெளிவாக நின்றால் உங்கள் முறையே உங்களுக்குப் போதும், நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: கேட்டேன். கோரஸ் பாதி காணோம்.

இப்போதே திருத்துங்கள். அகலப்படுத்தும் ப்ளக்-இன்னை எடுத்துவிட்டு, இரண்டு தடவை பாடவைத்து இடதிலும் வலதிலும் வையுங்கள். அது மோனோவில் சாகாது.

கேள்வி: பழைய யமஹா என்எஸ்-10 கிடைக்கிறது. வாங்கலாமா?

1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது, 2001-இல் நின்றுபோனது. அது பவர்டு இல்லை, தனி ஆம்ப் வேண்டும். அடி பேஸும் கிடையாது. முதல் ஜோடியாக வேண்டாம்.

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து மானிட்டர் வாங்கி வருகிறார். பரவாயில்லையா?

பின்பக்க வோல்டேஜைப் படிக்கச் சொல்லுங்கள். 115 என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் செருகிய நொடியே கருகும். என் கண்முன்னே ஒரு ஜோடி அப்படிப் போனது.

கேள்வி: பத்துக்குப் பதினொன்று ரூம், எட்டு இன்ச்...

மேலே படியுங்கள். அஞ்சு.

கேள்வி: மௌஸை நகர்த்தினால் மானிட்டரில் கீச் சத்தம் வருகிறது. எலெக்ட்ரீஷியன் எர்த் பின்னை எடுக்கச் சொல்கிறார்.

எடுக்காதீர்கள்! உயிருக்கு ஆபத்து. இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்கு, வழியில் சேரும் இரைச்சலை ரத்துசெய்யும் டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், மானிட்டர் எல்லாம் ஒரே பிளக் போர்டிலிருந்து போகட்டும். அப்புறமும் கீச்சென்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்.