சி.பி.என். சொட்டு மருந்து தூக்கம் தருமா?

கேள்வி: தாய்லாந்தின் ஹட்யாய் சென்று வந்த உறவினர் ஒருவர் ‘சி.பி.என்.’ என்று எழுதிய சொட்டு மருந்துக் குப்பியைக் கொண்டு வந்துள்ளார். கஞ்சாவிலிருந்து எடுத்தது என்றாலும் போதை தராது, நன்றாகத் தூக்கம் வரும் என்கிறார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் என் மாமியாருக்கு இதைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உறவினர் சொன்னதில் பாதி உண்மையும் இருப்பதால் காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

சி.பி.என். என்பது கன்னாபினால். செடி இதை நேரடியாக உருவாக்குவதில்லை. போதை தரும் டி.எச்.சி. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டு நாளடைவில் சிதையும்போது இது உண்டாகிறது. டி.எச்.சி. மூலக்கூறில் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதன் மூன்று வளையங்களில் ஒன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து பென்சீன் வளையம்போல் தட்டையாகிவிட்டால், 26 ஹைட்ரஜன் கொண்ட கன்னாபினால் கிடைக்கிறது. அதனால்தான், சேமித்து வைத்த கஞ்சா எவ்வளவு பழையது என்பதை இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு தடயவியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சீனாவின் துர்ஃபான் அருகே யாங்ஹாய் கல்லறையில் சுமார் 2,700 ஆண்டுகள் கிடந்த கஞ்சாவைச் சோதித்தபோதும் முதன்மையாகக் கிடைத்தது கன்னாபினால்தான்.

வரலாற்றில் இதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகியோர் இந்தியாவின் சரஸ் எனும் கஞ்சாப் பிசினிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருளே போதைக்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1940இல் ஆடம்ஸும் டாட்டும் தனித்தனியே ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கிய பிறகே அது தவறு என்று தெளிவாயிற்று. டி.எச்.சி.யின் அமைப்பை மெக்கூலமும் காவோனியும் 1964இல் கண்டறிந்தார்கள்.

டி.எச்.சி. போதை தருவது மூளையிலுள்ள சி.பி.1 என்ற ஏற்பியைத் தூண்டித்தான்; அதைக் கன்னாபினாலும் தூண்டுகிறது. ஆனால் அதன் வீரியம் டி.எச்.சி.யின் வீரியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே போதை குறைவு என்பது சரி. போதையே தராது என்பது அளவைப் பொறுத்த பேச்சு.

தூக்கத்துக்கான சான்று மெலிதானது. 1975இல் ஐந்து ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையில், 50 மில்லிகிராம் கன்னாபினால் தனியாகக் கொடுக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இல்லை, டி.எச்.சி.யுடன் சேர்த்துக் கொடுத்தபோதுதான் மயக்கமும் தூக்கக் கலக்கமும் கூடின. பழைய கஞ்சா தூக்கம் தரும் என்ற நம்பிக்கைக்கு எஞ்சியிருக்கும் டி.எச்.சி.யும் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 20 மில்லிகிராம் உட்கொண்டவர்கள் இரவில் விழித்தெழுவது சற்றுக் குறைந்தது. ஆனால் அவர்கள் விரைவாகத் தூங்கிவிடவில்லை, பகல் சோர்வும் மாறவில்லை.

உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை எனக்குக் கவலை தருவது கல்லீரல். வார்ஃபரினைச் சிதைக்கும் முக்கிய நொதி சி.ஒய்.பி.2சி9, கன்னாபினாலைச் சிதைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அந்நொதியின் வேலையைக் கன்னாபினால் தடுப்பது சோதனைக்குழாய் ஆய்வில் தெரிந்திருக்கிறது. அந்நொதி முடங்கினால் வார்ஃபரின் உடலில் தேங்கி இரத்தக்கசிவு உண்டாகலாம். தூக்கமின்மைக்கு, ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவீடு) பார்க்கும் மருத்துவரிடமே ஆலோசனை கேளுங்கள்.

சட்டமும் உங்கள் உறவினருக்கு எதிராகவே நிற்கிறது. 2022 ஜூனில் தாய்லாந்து விதிகளைத் தளர்த்தியது எல்லைக்கு இப்பால் செல்லாது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் சாற்றைக் கொண்டுவருவது கடுங்குற்றம்.

கேள்வி: சி.பி.என். சாப்பிட்டவருக்குச் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருப்பதாக வருமா?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: வரக்கூடும். முதற்கட்டச் சோதனையில் பயன்படும் எதிர்ப்புரதம் டி.எச்.சி.யின் சிதைபொருளைத் தேடினாலும், வடிவத்தில் ஒத்த கன்னாபினாலின் சிதைபொருளையும் சில வேளை பிடித்துக்கொள்ளும். உறுதிப்படுத்தும் நிறைநிரல் சோதனை இரண்டையும் வேறுபடுத்திவிடும். ஆனால் குப்பியிலேயே டி.எச்.சி. எஞ்சியிருந்தால் அந்தச் சோதனையும் அதைக் காட்டிவிடும்.