சோடியத்தைக் கேளும்

அன்புள்ள ஐயா,

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். வாரத்துக்கு இரண்டு தரம் மாங்குளத்தில் பஸ் ஏறி டயலிசிஸுக்குப் போகிறார். வீட்டிலேயே ஒரு துளி இரத்தத்தில் பொற்றாசியம் பார்க்கிற சென்சர் ஒன்றை புரொஜெக்டாக எடுத்திருக்கிறேன். இரத்தம் பட்டுக் கொஞ்ச நேரத்தில் அழுக்குப் படிந்து அளவு பிழைக்கிறது. அது படியாமல் இருக்கப் பொலிஎதிலீன் கிளைக்கோல் பூசலாமா, நேர், மறை ஏற்றம் இரண்டும் சேர்ந்திருக்கிற ஸ்விற்றர்அயன் பூச்சுப் போடலாமா? இங்கே நல்ல வசதியும் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்த காலையில் நான் கேத்தலுக்குள் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும். அம்மா அதை ஒருநாளும் அழுக்கு என்று சொன்னதில்லை. ‘சுண்ணாம்பு பிடிச்சிட்டுது’ என்பார். தண்ணீரில் இருந்ததுதான் வெளியே வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நீரோ இரத்தத்தைப் பற்றி எழுதும்போது மூன்று வரிக்குள் அழுக்கு என்று எழுதிவிட்டீர். அந்தச் சொல்லை முதலில் எறியும். உம்முடைய சென்சரைத் தொட்டதும் இரத்தம் தன் வேலையைத்தான் செய்கிறது. அந்நியப் பொருள் ஒன்று வந்துவிட்டது என்று புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. முதலில் அல்புமின் மாதிரி நிறைய இருப்பவை. பிறகு அவற்றைத் தள்ளிவிட்டுப் பைபிரினோஜன் மாதிரிப் பெரியவை இடம் பிடிக்கும். அதன் மேல் குருதிச் சிறுதட்டுக்கள். இந்த இடமாற்றத்துக்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். லியோ வ்ரோமன் (1915–2014) நெதர்லாந்துக்காரர். பெரிய கவிஞர். போரில் ஊரை விட்டு ஓடி, யப்பானியரின் முகாமில் கைதியாகக் கிடந்தவர். பிறகு நியூயோர்க்கில் இருந்து இரத்தத்தை ஆராய்ந்தார். வன்னியில் இருந்து எழுதுகிற எனக்கு அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. அவ்வளவையும் கண்டவர் ஒரு துளி இரத்தம் கண்ணாடியில் என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, உமது விசயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்கப் பொற்றாசியத்தை அளக்கிற பக்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர். ஒப்பிட்டுப் பார்க்க மாறாமல் நிற்க வேண்டிய றெஃபரன்ஸ் மின்வாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். மின்னழுத்தம் என்பது இரண்டு மின்வாய்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒன்றுக்குப் பட்டுச்சட்டை போட்டுவிட்டு மற்றதைத் தெருவில் விடுவதா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியில், பின்னேரம் ஒரு கமக்காரரின் இரத்தம் வந்தது. துண்டில் பொற்றாசியம் மட்டும் கேட்டிருந்தார்கள். மெசின் லீற்றருக்கு 5.9 மில்லிமோல் என்றது, கூடுதலான அளவு. எழுதி அனுப்பினேன். அன்றிரவே அவரை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். மனைவி ஒரு சாப்பாட்டுப் பார்சலை மார்போடு அணைத்தபடி பின்னால் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்த்தபோது 4.9. அடுத்த நாள் குப்பைக் கூடையில் கிடந்த அச்சுத் தாளை விரித்துப் பார்த்தேன். அதே மாதிரியில் சோடியம் 165 என்று அடித்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லை என்பதால் நான் பார்க்கவில்லை. றெஃபரன்ஸ் மின்வாயைக் கழற்றினேன். உப்புக்கரைசல் கசிகிற நுண்துளையில் தயிராடை மாதிரிப் புரதம் திரண்டிருந்தது.

கணக்கைப் பாரும். 37 பாகையில் பொற்றாசியம் பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் ஏறக்குறைய 61.5 மில்லிவோல்ற்று மாறும். அப்படியென்றால் வெறும் 5 மில்லிவோல்ற்று நகர்ந்தாலே 4.9 என்பது 5.9 ஆகும். பொற்றாசியம் 5.9 என்றால் யாரும் நம்புவார்கள், சிறுநீரக நோயாளிக்கு அது வரக்கூடியதுதான். ஆனால் உடம்பு சோடியத்தை 135க்கும் 145க்கும் இடையில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அதே 5 மில்லிவோல்ற்று 137ஐ 165 ஆக்கும். அதைப் பார்த்த உடனே எவருக்கும் பொறி தட்டும். ஆகவே உம் சென்சரில் சோடிய மின்வாய் ஒன்றையும் வையும், இரண்டுக்கும் ஒரே றெஃபரன்ஸ். சோடியம் தாறுமாறாக வந்தால் திரை எண்ணைக் காட்டக் கூடாது, ‘திரும்ப எடு’ என்று சொல்ல வேண்டும். இதைச் செய்யாத சென்சரை உம் அப்பாவின் கையில் கொடுக்காதீர்.

ஒன்று மட்டும்: விரலைப் பிதுக்கி இரத்தம் எடுத்தால் செங்குழியங்கள் உடையும். அவற்றுக்குள் பொற்றாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். அது கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அந்தப் பொய்யை சோடியம் காட்டிக் கொடுக்காது. பிதுக்காமல் எடுக்கப் பழக்கும்.

வசதி இல்லை என்ற கதையை என்னிடம் சொல்லாதீர். பொற்றாசியத்தைத் தெரிந்து பிடிக்கிற வலினோமைசின் கலந்த பீவீசீ பிளாஸ்ரிக் மென்படலத்தைக் கண்ணாடி வளையத்துக்குள் கையால் ஊற்றிக் காயவிட்டே செய்கிறார்கள்.

பூச்சைக் கேட்டீர் அல்லவா? ஸ்விற்றர்அயனையே போடும், மெல்லிதாக. தடித்தால் பொற்றாசிய அயன் உள்ளே வரப் பிந்தும். றெஃபரன்ஸையும் மறவாதீர். அப்புறம், அப்பாவின் போன கிழமை ரிப்போட்டை எடுத்து சோடியம் எவ்வளவு என்று பார்த்து எனக்கு எழுதும்.