அழுத்தினா கல்லு எப்படி சார் உப்பும்?

வணக்கம் சார்,

போன வாரம் நீங்க ஜியோலைட் கல்லு பத்தி எழுதினதை எங்க பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். "நேட்ரோலைட்டைத் தண்ணிக்குள்ள வச்சு அழுத்தினா சுருங்காம பெருசாகும்"னு ஒரு வரி வந்ததும் ஒரு பையன் எந்திரிச்சு, அழுத்தினா எதுவா இருந்தாலும் சின்னதாத்தான் ஆகும், இது தப்பா எழுதியிருக்குன்னு சொல்லிட்டான். எனக்குப் பதில் தெரியல. சூடு பண்ணினாலும் உப்பும், அழுத்தினாலும் உப்பும்னா எப்படி சார்?

– ஒரு அறிவியல் ஆசிரியை, தஞ்சாவூர்

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பையன் சொன்ன விதி சரி, அழுத்தினா மொத்த இடம் குறையத்தான் வேணும், எந்தக் கல்லும் அதை மீறாது. நான் எழுதின வரியும் சரிதான், ஆனா அதுல பாதியை மட்டும் சொல்லி விட்டுட்டேன். கல்லை மட்டும் பாத்தா போதாது, எதுக்குள்ள வச்சு அழுத்துறோம்னு பாக்கணும்.

ஜியோலைட்ங்கிறது சிலிக்கானும் அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேந்து கட்டின கூடு, உள்ள பூரா ஒரே அளவுல சின்னச் சின்னச் சுரங்கப்பாதை, அதுக்குள்ள சோடியம் கால்சியம் மாதிரி அயனிகளும் தண்ணியும் உக்காந்திருக்கும். நேட்ரோலைட்டுல அந்தப் பாதை வட்டமா இருக்காது, நசுங்கின வளையல் மாதிரி நீள்வட்டமா இருக்கும். இதைத் தண்ணியோட வச்சு கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு காத்தழுத்தம் குடுத்தா வெளியில இருக்குற தண்ணி உள்ள நுழையுது, முன்னாடி 16 தண்ணி மூலக்கூறு இருந்த இடத்துல இப்ப 32, நசுங்கின வளையல் நிமிந்து வட்டத்துக்கு வருது, கல்லு ஏறக்குறைய 2.5 சதவீதம் பெருசாகுது. ஆனா வெளிய இருந்த தண்ணி உள்ள போய் இறுக்கமா உக்காந்துட்டதால கல்லும் தண்ணியும் சேந்த மொத்தம் குறைஞ்சிருக்கு. ஒரு படி கூழாங்கல்லுல அரைப்படி மணலைக் கொட்டிக் குலுக்கிப் பாக்கச் சொல்லுங்க, மணல் நுழையுறதுக்கு கல்லு லேசா விலகிக் குடுத்தாலும் ஒண்ணரைப் படி வரவே வராது. அழுத்தத்துக்கு வேண்டியது அந்த மொத்தக் கணக்குதான்.

அதே நேட்ரோலைட்டை சிலிகான் எண்ணெய்க்குள்ள வச்சு அழுத்தினா உங்க பையன் சொன்னது அப்படியே நடக்கும், எண்ணெய் உள்ள நுழைய முடியாது, கல்லு சுருங்கும், இன்னும் அழுத்தினா கூடு நொறுங்கி ஒழுங்கு போய் கண்ணாடி மாதிரி ஆயிடும். கல்லு ஒண்ணுதான், கூட இருக்குறது மாறினதும் நடக்குறதே மாறிடுது.

2000த்துக்கு அப்புறம் அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துல யோங்ஜே லீ, தாமஸ் வோக்ட் குழு இதை எக்ஸ்ரே வச்சு அணு அணுவா காட்டினாங்க. இந்த மாதிரி சோதனைக்கு ரெண்டு வைரத்தோட முனைகளுக்கு நடுவுல ஒரு உலோகத் தகடு வைப்பாங்க, அதுல முடியளவுக்கு கொஞ்சம் பெரிய ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளதான் கல்லுத் தூளும் திரவமும் ஒரு துளி மாணிக்கமும், லேசர் பட்டா மாணிக்கம் விடுற சிவப்பு வெளிச்சம் எவ்வளவு நகருதுன்னு பாத்து அழுத்தத்தைக் கணக்கு போடுறாங்க. திரவத்துல தண்ணியோட மெத்தனாலும் எத்தனாலும் கலப்பாங்க, ஏன்னா சுத்தத் தண்ணி அவ்வளவு அழுத்தத்துல ரூம் சூட்டுலயே பனிக்கட்டியா உறைஞ்சிடும். ஆல்கஹால் மூலக்கூறு பெருசு, நேட்ரோலைட் பாதைக்குள்ள போகாது, தண்ணி மட்டும் நுழையும். எனக்கு இந்த சோதனையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இப்ப சூடு. சூட்டுல உப்புறதும் அழுத்தத்துல உப்புறதும் ஒண்ணு கிடையாது டீச்சர், நேர் எதிர். 1756ல ஸ்வீடன்காரர் க்ரோன்ஸ்டெட் ஒரு கல்லை ஊதுகுழாய் தீயில காட்டினப்ப அது கொதிக்கிற மாதிரி நுரைச்சு உப்புச்சாம், கிரேக்க மொழியில கொதிக்கிற கல்லுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஜியோலைட்னு பேர் வச்சார். காலேஜ் லேப்ல ஸ்டில்பைட்ங்கிற ஜியோலைட்டை நானே அப்படிக் காட்டியிருக்கேன், புனே பக்கத்து எரிமலைப் பாறையில கிடைச்ச பீச் நிறத் துண்டு, தீ பட்டதும் இதழ் இதழா பிரிஞ்சு புழு நெளியுற மாதிரி வெள்ளையா வெளிய வந்துச்சு, கொஞ்ச நேரத்துல உருகி வெள்ளைக் கண்ணாடி. உள்ள இருந்த தண்ணி ஆவியாகி வெளிய ஓடுற வேகத்துலதான் அந்த உப்பல். ஆக, சூடு தண்ணியை வெளிய தள்ளுது, அழுத்தம் தண்ணியை உள்ள திணிக்குது.

சூடே வேண்டாம், காஞ்ச காத்து போதும் சில கல்லுக்கு. நாசிக் பக்கம் ஒரு குவாரியில எடுத்த லாமோண்டைட்ங்கிற ஜியோலைட்டை அலமாரியில வச்சிருந்தேன், எடுத்தப்ப வெள்ளையா பளபளன்னு குச்சி குச்சியா இருந்தது, ஒரு வருஷம் கழிச்சுத் தொட்டா விரல்ல சுண்ணாம்பு மாதிரி ஒட்டி உதிருது. அது பூமிக்குள்ள ஈரத்துலயே பிறந்த கல்லு, வெளிய வந்தா உள்ள இருக்குற தண்ணியில ஒரு பகுதியைப் பிடிச்சு வைக்க முடியல.

பூமிக்குள்ள ரெண்டும் சேந்தே ஏறுது, கீழ போகப் போக சூடும் கூடும் அழுத்தமும் கூடும், எது ஜெயிக்குதோ அதுக்குத் தகுந்த கல்லு. ஐஸ்லாந்துல வாக்கர்ங்கிற புவியியலாளர் 1960ல கிழக்கு மலைச்சரிவுகள்ல எந்த உயரத்துல எந்த ஜியோலைட் இருக்குன்னு வரைபடம் போட்டு, மேல அரிச்சுப் போன எரிமலைக்குழம்பு எவ்வளவு தடிமனா இருந்திருக்கும்னு கணிச்சார். அங்க வெந்நீர்க் கிணறுகள்ல 100 டிகிரி தாண்டினா லாமோண்டைட், 230 பக்கம் போனா அது தண்ணியில பாதியை விட்டுட்டு வைரகைட்டா மாறுது, நியூசிலாந்து வைராகேயில முதல்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேர்.

இன்னும் ஆழத்துல அழுத்தம் தாங்காம கூடே கலைஞ்சுடும். அனால்சைம்னு ஒரு ஜியோலைட், தண்ணியைக் கழிச்சுட்டா அதுல மிச்சம் இருக்குறது அச்சு அசலா ஜேடைட்டோட கணக்கு, மோதிரத்துல வைக்கிற பச்சை ஜேட் இருக்கே அதுதான். அனால்சைமோட அடர்த்தி 2.25 போல, ஜேடைட்டுக்கு 3.3. போதுமான அழுத்தம் வந்தா அனால்சைம் தண்ணியை விட்டுட்டு ஜேடைட் ஆகுது, அவ்வளவு இறுக்கத்துல ஓட்டைக்கு இடமே கிடையாது. அங்க அழுத்தமும் தண்ணியை வெளிய தள்ளுற பக்கம் சேந்துடுது, ஏன்னா அப்ப மொத்தக் கணக்கு அப்படித்தான் குறையுது.

வகுப்புல காட்டணும்னா லேப் பொருள் விக்கிற கடையில மாலிக்குலர் சீவ் உருண்டை வாங்குங்க, அதுவும் ஜியோலைட்தான், புதுசா திறந்த பாக்கெட்டா இருக்கணும். கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் போட்டு அது மூழ்குற அளவு தண்ணி ஊத்துங்க, கையில வச்சு ஊத்தாதீங்க, காஞ்ச உருண்டைக்குள்ள தண்ணி நுழையுறப்ப சுடும். அந்தப் பையனையே டம்ளருக்கு வெளிப்பக்கம் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.