‘காத்திரு’, ‘பிடி’ குழப்பம்: 50 தடவை எழுதினால் தீராது

ஜப்பானிய மொழியில் பயன்படும் சீன வழி எழுத்துகளான கான்ஜியில் 300 வரை வந்தும், ‘காத்திரு’ (待), ‘பிடி’ (持) இரண்டும் மாறிப்போகின்றன, தலா 50 முறை எழுதியும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது என்கிறீர்கள். பார்த்துப் பார்த்து எழுதும்போது கை வேலை செய்கிறது; நினைவிலிருந்து தேடி எடுக்கும் பயிற்சி மூளைக்குக் கிடைப்பதில்லை.

இரண்டு எழுத்துகளிலும் வலப்பக்கம் இருப்பது ‘கோயில்’ (寺). வேறுபாடு இடப்பக்கம்தான். ‘காத்திரு’வில் நடையைக் குறிக்கும் உறுப்பு: தரிசன வரிசையில் அடி அடியாக நகர்கிறீர்கள். ‘பிடி’யில் கை: அர்ச்சனைத் தட்டைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். அதே இடத்தில் சூரியன் வந்தால் ‘நேரம்’ (時), மனிதன் வந்தால் ‘சாமுராய்’ (侍). நினைவில் நிற்க ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி ஒரு குட்டிக் கதை கட்டுங்கள்; கதையின் திருப்பம் இடப்பக்க உறுப்பில்தான் இருக்க வேண்டும். ‘கோயிலில் நிற்கிறேன்’ என்று பொதுவாக வைத்தால் மறுபடி குழம்பும்.

உச்சரிப்பைக் கதைக்குள் திணிக்காதீர்கள். நேரம், பிடி, சாமுராய் மூன்றின் சீன வழி ஒலியும் கோயிலுடையதைப் போலவே ‘ஜி’. ‘காத்திரு’ மட்டும் ‘தை’ என்று விலகுகிறது. அதனால் ‘ஜிக்கன்’ (நேரம்), ‘கித்தை’ (எதிர்பார்ப்பு) என்று சொல்லாகவே படியுங்கள்.

ஆங்கியில் (Anki, நினைவு அட்டைச் செயலி) நாளுக்குப் புதிதாக 10 அட்டை போதும். அட்டையின் முன்பக்கம் பொருள். பார்க்காமல் ஒரே முறை எழுதி, பிறகு திருப்புங்கள். இயல்பான அமைப்பில், 8 முறை தவறினால் ஆங்கி அந்த அட்டையை அடிக்கடி மறக்கும் அட்டை என்று குறிக்கும்; அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே திரும்ப ஓட்டாமல் கதையை மாற்றுங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான்.