ஊசி ஆர் போடுற, மகன்?

கேள்வி: நான் கத்தார்ல வேல செய்றன், ஊர் பெரியகல்லாறு. அப்பா இல்ல. தங்கச்சி மெத்ஸ் படிச்சு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தவ, பிசிக்ஸுக்கு ஏ, மற்ற ரெண்டுக்கும் பி. சின்னதில இருந்தே அவக்கு பிசிக்ஸ் எண்டா உயிர், அதத்தான் டிகிரியா படிக்கணும் எண்டுவா. இப்ப கெம்பஸ் லிஸ்ட் போட வேணும். என்ட விருப்பம் மேல இன்ஜினியரிங் நாலஞ்சு, பிறகு கொழும்பு, பேராதனை. அவ என்னடா எண்டா கிழக்குப் பல்கலைக்கழகத்த முதலாவதா போடுங்க, அது காணும் எண்டு நிக்கிறா. கொஞ்சம் தன்னம்பிக்கை குறைவு. அம்மாவுக்கு சுகர், காலையும் பின்னேரமும் இன்சுலின் அவதான் போடுறவ, அதால படிக்கிற நேரமும் குறைஞ்சு போச்சு. தம்பியும் வீட்டதான் நிக்கிறான், 20 வயசு. ஃபேஸ்புக்ல கட்-ஓஃப் (வெட்டுப்புள்ளி) பாத்தா பயமா இருக்கு. எத மேல எத கீழ போடுற? ஒரு பெலன்ஸான லிஸ்ட் சொல்லித் தாங்க.

பதில்: மகன், ஏ.எல். ரிசல்ட் வந்து கொஞ்ச நாளில இந்தக் கேள்வி எனக்கு வராத வருஷம் இல்ல, ஆக்கள்தான் மாறுவாங்க. உங்கட லிஸ்டுக்குப் பிறகு வாறன். அதுக்கு முதல் நீங்க எழுதின ஒரு வரிய எடுக்கப் போறன், எழுதின உங்களுக்கே அது கண்ணில படல்ல போல.

தன்னம்பிக்கை குறைவு எண்டுறீங்க. அதே கையால அடுத்த வரியில எழுதியிருக்கிறீங்க அம்மாவுக்கு ரெண்டு நேரமும் இன்சுலின் அவதான் போடுறா எண்டு. ஊசியில மருந்த அளவாக் கீறு பாத்து இழுத்து, காத்துக் குமிழி இல்லாமப் பாத்து, போட்ட கையோட அம்மாவுக்குச் சாப்பாடு ரெடியா எண்டு பாத்து, இடையில அம்மா வேர்த்து நடுங்கினா ஓடிப் போய் சீனித் தண்ணி கலக்கிக் குடுத்து, அதுக்குப் பிறகு டியூசனுக்குப் போய், கடைசியில பிசிக்ஸுக்கு ஏ எடுத்த புள்ளைக்கா தன்னம்பிக்கை குறைவு? அந்தப் புள்ள பயத்தில வந்தாறுமூலைய, அதுதான் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர, கேக்கல்ல மகன். தான் போனா ஊசி ஆர் போடுற எண்டு யோசிச்சிருக்கா. அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல, அதால அவவே ஒரு பதிலத் தேடி எடுத்து அதுக்கு கிழக்குப் பல்கலைக்கழகம் எண்டு பேர் வெச்சிருக்கா. நீங்களும் அத கெம்பஸ் தெரிவு எண்டு நினைச்சு எனக்குக் கடிதம் எழுதுறீங்க.

இப்ப லிஸ்ட். யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தில நீங்க எழுதுற ஒழுங்கிலதான் பாத்துக்கொண்டு வருவாங்க. இசட் ஸ்கோர், அதாவது ஏ.எல். புள்ளியில இருந்து கணக்குப் பாத்து எடுக்கிற தரப்புள்ளி, எந்த இடத்துக்கு முதல்ல காணுமோ அந்த இடத்தத் தருவாங்க, அதுக்குக் கீழ எழுதினதுகள் அதோட முடிஞ்சுது. சேஃப் எண்டு நினைக்கிறத முதலாவதா போட்டா கீழ கொழும்பு எழுதினாலும் ஒண்டுதான் ஒண்டும் எழுதாம விட்டாலும் ஒண்டுதான். ஏலுமோ தெரியாது எண்டு நினைக்கிறத மேல போட்டதுக்காக கீழ இருக்கிறதில ஒரு புள்ளியும் குறைக்க மாட்டாங்க, அது கிடைக்காட்டி அடுத்ததப் பாப்பாங்க, அவ்வளவுதான். விருப்பம் மேல, உறுதி கீழ. இது விளங்காமலே எத்தனையோ பேர் ஃபோர்ம் நிரப்புறாங்க, இதில உங்களுக்கு நான் ஏசல்ல.

ஏசுறது இன்ஜினியரிங்குக்கு. புள்ளைக்கு பிசிக்ஸ் உயிர் எண்டு நீங்களே எழுதிப் போட்டு மேல நாலஞ்சு இன்ஜினியரிங் வெச்சா, அதில ஒண்டு சரிவந்தா அவ இன்ஜினியர், பிசிக்ஸ் டிகிரி கதை அதோட சரி. பிசிக்ஸ் படிக்கிற வழி பௌதிக விஞ்ஞானம் எண்டு யூ.ஜி.சி. கைநூலில இருக்கிற பாடநெறி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேற வேற இலக்கம். முதல்ல பிசிக்ஸ், மெத்ஸ் மாதிரிப் பாடங்களச் சேத்துத்தான் படிக்கிற, மூணு வருஷத்தோட சாதாரண டிகிரி, தொடக்க வருஷங்களில நல்லாச் செஞ்சா நாலு வருஷ ஒனர்ஸ். பிசிக்ஸ்காரியா வர ஆசை எண்டா அந்த ஒனர்ஸ்தான் குறி. அவ ஆசைப்பட்டு இன்ஜினியரிங்க எழுதினா அது வேற கதை, கத்தார்ல கூட்டாளிமாரிட்ட சொல்றதுக்காக நீங்க எழுதக் கூடாது.

கட்-ஓஃப் பயம் எண்டீங்க, எந்த மாவட்டத்துக் கட்-ஓஃப் பாத்தீங்க? கொழும்புக்குரியதப் பாத்துப் பயந்தா பயம்தான் வரும். இடங்களில 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவாத் திறமை பாத்து, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அந்த 16இல உங்கட மட்டக்களப்பும் இருக்கு. மட்டக்களப்பு எண்டு இருக்கிற நிரலை மட்டும் பாருங்க, ஒரு வருஷத்த மட்டும் பாக்காம ரெண்டு மூணு வருஷத்தப் பாருங்க, அது ஏறி இறங்கும். தங்கச்சிட ஸ்கோரையும் எழுதி அனுப்பியிருக்கிறீங்க, அது அவட விசயம், நான் இங்க போடல்ல.

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், ஜெயவர்த்தனபுர, களனி, ருகுணு, இதில எது முதல் எண்டு அவதான் சொல்ல வேணும். பேராதனைக்குக் கிட்ட ஹந்தானையில அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, ஆராய்ச்சியில ஆசை எண்டா அந்த அயல் நல்லது. யாழ்ப்பாணத்தில சூரியக்கல ஆராய்ச்சி நடக்குது, வீட்ட விட்டு முதல்முறை போற புள்ளைக்கு கென்டீன்ல தமிழ் கேக்கிறதும் சின்ன விசயமில்ல. படிப்பு எங்க போனாலும் இங்கிலீசிலதான், அத இப்பவே தொடங்கச் சொல்லுங்க. காசுக்குப் பயப்பட வேணாம், அரச கெம்பஸில கட்டணம் இல்ல, மகாபொல புலமைப்பரிசில் இல்லாட்டி பர்சரி உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம், மிச்சத்துக்கு நீங்க இருக்கிறீங்க.

வந்தாறுமூலைய நான் குறைவாச் சொல்லல்ல. அங்க படிச்சு நல்லா வந்த ஆக்கள எனக்குத் தெரியும், லிஸ்டில கட்டாயம் இருக்க வேணும், அதுக்குரிய இடத்தில. ஆனா ஊசிக்காகத்தான் வந்தாறுமூலை எண்டா அந்தக் கணக்கே பிழை. பெரியகல்லாறில இருந்து மட்டக்களப்புக்கு வந்து அங்க பஸ் மாறிப் போக வேணும், போறதுக்கு மட்டும் நாப்பது கிலோமீட்டருக்கு மேல. விடியக் கருக்கலில வெளிக்கிட்டுப் போய் இருட்டினாப் பிறகு வந்து சேர்ற புள்ள எந்த நேரம் ஊசி போடுற? ஹொஸ்டல்ல நிண்டா அதுவும் இல்ல. கிட்ட இருக்கிறதுதான் வேணும் எண்டா தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திட பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில இருக்கு, கல்முனையத் தாண்டினா வந்திரும், உங்கட வீட்டில இருந்து வந்தாறுமூலைய விட எவ்வளவோ கிட்ட. உங்கட லிஸ்டில அதிட பேரே இல்ல. ஏன் எண்டு நான் கேக்கல்ல, உங்களுக்கே தெரியும் எனக்கும் தெரியும். எழுதுங்க.

இப்ப சின்னவன்ட கதைக்கு வாறன். வீட்டதான் நிக்கிறான் எண்டு ஒரு வரி. என்ன செய்றான், படிக்கிறானா, வேலைக்குப் போறானா, ஒண்டும் இல்ல, மேச லாம்பு நிக்கிற மாதிரி நிக்கிறான். 20 வயசுப் பொடியன் ஒருத்தன் வீட்டுக்குள்ள இருக்கத்தக்க அந்தத் தாய்க்கு ஊசி போட ஆள் இல்ல எண்டு ஒரு புள்ள தன்ட படிப்ப மாத்துறா எண்டா, அந்தப் பொடியன இவ்வளவு நாளும் வளத்த விதம் பிழை. நீங்க தகப்பன்ட இடத்தில நிக்கிறீங்க, அதால உங்களிட்டத்தான் கேக்கிறன். எங்கட வீட்டிலயும் இதுதான் நடந்தது, ரெண்டு அண்ணன்மார், நான் ஒருத்தி, அப்பாட காலுக்கு நான் மருந்து கட்டக்குள்ள அவனுகள் வாசல்ல நிண்டு இன்னும் ஆறல்லயா எண்டு கேப்பானுகள்.

தாயப் பாக்கிறது கடமை இல்ல எண்டு நான் ஒரு நாளும் எழுத மாட்டன், பட்டணத்தில இருந்து எழுதுற சிலபேர் மாதிரி உன்ட கனவப் பார் அம்மாவ விடு எண்டு சொல்லவும் எனக்கு வராது. அந்த அம்மா மூணு புள்ளையையும் பெத்தவ, மூணு பேரும் பாக்க வேணும், நீங்க காசாப் பாக்கிறீங்க, தங்கச்சி இவ்வளவு நாளும் கையாப் பாத்தவ, சின்னவன்ட பங்கு எங்க? ஆம்பிளப் பொடியனுக்கு ஏலாது எண்டு மட்டும் எனக்குத் திருப்பி எழுதிராதீங்க. கிளினிக்கில நேர்ஸ் மிஸ்மார் சொல்லிக் குடுப்பாங்க, அடுத்த கிளினிக்குக்கு அம்மாவ அவனே கூட்டிக்கொண்டு போகட்டும், தங்கச்சி பக்கத்தில நிக்க ஒரு கிழமை அவனே போட்டுப் பழகட்டும், சீனி இறங்கினா என்ன செய்ற எண்டதையும் பாடமாக்கட்டும். அம்மாவுக்குக் கண் தெளிவா இருந்தா அவவும் பழகலாம், எத்தனையோ பேர் தாங்களே போடுறாங்க.

இது நடந்து ஒரு கிழமைக்குப் பிறகு லிஸ்டத் தங்கச்சிட கையில குடுங்க. விண்ணப்பத்திட பாஸ்வேர்ட் உங்களிட்ட இருந்தா அதையும் சேத்துக் குடுங்க. அப்பவும் அவ வந்தாறுமூலைதான் முதலாவது எண்டு சொன்னா, அது அவட தெரிவு, நீங்க வாயத் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழம உங்களுக்கு லீவுதானே. முதல் கோல் சின்னவனுக்கு எடுங்க, தங்கச்சிக்கு இல்ல.