ஜர்னல் கிளப்பில் டீ மட்டும்தானா? மனநல மருத்துவப் பிஜிக்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், நான் எம்.டி. மனநலம் முதலாண்டு பிஜி (மேற்படிப்பு மாணவர்). ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் கூட்டமான ஜர்னல் கிளப்பில் ஒருவர் பவர்பாயிண்ட்டை வாசிக்கிறார், டீ வருகிறது, கலைகிறோம். இதில் என்ன கற்கிறோம்?

பதில்: டீயாவது நன்றாக இருக்கிறதா? கட்டுரையிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு. வார்டிலிருந்து தொடங்குங்கள். மனச்சிதைவு நோயாளி ஒருவர். இரண்டு மருந்துகளை முழு டோஸில் கொடுத்தும் காதில் குரல் நிற்கவில்லை. க்ளோசபின் என்ற மருந்தைத் தொடங்கலாமா? இப்போது 1988இல் ஜான் கேன் குழு வெளியிட்ட ஆய்வை எடுங்கள். மற்ற மருந்துகளுக்கு மசியாத 268 பேர், 6 வாரம். க்ளோசபினில் 30 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பழைய மருந்தான குளோர்புரோமசினில் 4 சதவீதம்தான். கழித்தால் 26. நூறை அதால் வகுத்தால் ஏறக்குறைய 4. அதாவது நாலு பேருக்கு மருந்தை மாற்றினால், கூடுதலாக ஒருவர் தேறுகிறார். இந்தக் கணக்கைப் பிஜியேதான் பலகையில் போட வேண்டும். நான் போட்டால் டீக்கு முன்பே மறந்துவிடும்.

அப்புறம் க்ளோசபினால் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும் ஆபத்து. தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அவர் ஊரிலிருந்து இங்கே வர மூன்று மணி நேரம். யார் கூட்டி வருவார்கள்? அவருடைய அம்மாவிடம் கேட்டுவரப் பிஜியை அனுப்புவேன்.

கேள்வி: பெரிய ஜர்னலில் வந்தால் நம்பலாமா?

பதில்: எரிக் டர்னர் குழு 2008இல், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளைத் துருவியது. ஜர்னல்களில் வந்தவற்றை மட்டும் படித்தால் 94 சதவீதம் வெற்றி. எஃப்டிஏ கணக்கில் 51. தோற்றவற்றில் பல அச்சேறவே இல்லை. உடனே மருந்து வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் அவை வெற்று மாத்திரையை முந்தின, பலனின் அளவுதான் சுருங்கியது.

கேள்வி: எனக்குப் புள்ளியியல் வராது சார்.

பதில்: கழித்தல் வகுத்தல் வருமல்லவா? இப்போதைக்குப் போதும்.

கேள்வி: மூத்த பேராசிரியர் "என் அனுபவத்தில்..." என்று ஆரம்பித்தாலே விவாதம் முடிந்துவிடுகிறதே?

பதில்: அனுபவத்தை ஒதுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சான்று சார்ந்த மருத்துவத்தின் முன்னோடி டேவிட் சாக்கெட் 1996லேயே எழுதினார்: மருத்துவரின் அனுபவமும் சிறந்த ஆய்வுச் சான்றும் இரண்டுமே வேண்டும், ஒன்று மட்டும் போதாது. ஆகவே பணிவாக, "சார், திரும்பி வராத நோயாளிகள் என்ன ஆனார்கள்?" என்று கேளுங்கள். நானும் பிஜியாக இருந்தபோது கேட்டேன். அடுத்த வாரம் எனக்கு இரண்டு நைட் டூட்டி கூடுதலாக விழுந்தது.