மஞ்சளா தெரிஞ்சா ஒட்டியிருக்குன்னு அர்த்தமா?

கேள்வி: சார், நான் பிஎச்டி முதல் வருஷம். ஒரு புரோட்டீனுக்கு ஜிஎஃப்பி (பச்சையா ஒளிரும் புரோட்டீன்), இன்னொண்ணுக்கு எம்செர்ரி (சிவப்பா ஒளிரும் புரோட்டீன்) டேக் போட்டு உயிரோட இருக்கிற செல்லுல பாத்தேன், பச்சையும் சிவப்பும் ஒரே இடத்துல விழுந்து மஞ்சளா தெரியுது. அப்போ ரெண்டும் சேந்துதானே இருக்கு? ஆனா கைடு "ஃப்ளிம் எடுத்துட்டு வா"ங்கறார், அதாவது ஒளிர்றது எவ்ளோ நேரம் நீடிக்குதுன்னு அளக்குற படம். எதுக்கு?

பதில்: கைடு சொல்றது சரிதாங்க. ஒரே பஸ்ல போறவங்க எல்லாம் சொந்தக்காரங்களா? சாதா மைக்ரோஸ்கோப்பால சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்ட முடியாது, புரோட்டீனோ 5 நானோமீட்டர் பக்கம்தான், அதனால உங்க மஞ்சள் புள்ளிக்குள்ள ரெண்டும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

ஜிஎஃப்பி மேல லேசர் பட்டா எனர்ஜிய வாங்கி சராசரியா ஒரு 2.5 நானோசெகண்ட் வச்சிருந்துட்டு அப்புறம்தான் விடும். இந்த நேரத்தைத்தான் லைஃப்டைம்ங்கறோம், ஃப்ளிம் அளக்குறது இதைத்தான். 10 நானோமீட்டருக்குள்ள எம்செர்ரி வந்துட்டா எனர்ஜி ஒளியா வெளிய வராமலே அதுக்கு கைமாறிடும். இதுதான் ஃப்ரெட், 1948லயே ஃபோர்ஸ்டர் கணக்கு போட்டு வச்சது, தூரம் ரெண்டு மடங்கானா கைமாறுற வேகம் 64ல ஒரு பங்காயிடும், அவ்ளோ கறார். தொட்டியில ஒரு ஓட்டைக்கு ரெண்டு ஓட்டை ஆனா சீக்கிரம் காலியாகுமில்ல, அதே மாதிரி பச்சையோட லைஃப்டைம் குறையும். 2.5 இருந்தது 2.0 ஆச்சுன்னா 20 சதவீதம் ஃப்ரெட்.

பச்சை மங்குதான்னு பாத்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது, ஒரு செல்லுல புரோட்டீன் நிறைய இருக்கும், பக்கத்து செல்லுல கம்மியா இருக்கும், வெளிச்சம் அதுக்கேத்த மாதிரி ஏறி இறங்கும், லைஃப்டைம் அதப்பத்தி கவலைப்படாது. அதுவும் பச்சைய மட்டும் அளந்தா போதும், சிவப்பு சேனல்ல பச்சை எவ்ளோ கசியுதுன்னு கழிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம்.

மெஷின் பண்றது என்னன்னா, லேசர் செகண்டுக்கு 8 கோடி தடவை மின்னும், ஒவ்வொரு ஃபோட்டானும் மின்னினதுல இருந்து எவ்ளோ நேரம் கழிச்சு வந்துச்சுன்னு குறிச்சு வச்சு ஒரு வளைவா வரையும். இங்கதான் ஒரு பள்ளம் இருக்கு, நானும் விழுந்திருக்கேன். சிக்னல் பத்தலன்னு லேசர கூட்டினேன், லைஃப்டைம் சூப்பரா குறைஞ்சுது, ஆஹா ஒட்டிக்கிச்சுன்னு ரெண்டு நாள் சந்தோஷமா திரிஞ்சேன். அப்புறம் எம்செர்ரியே இல்லாத செல்லுலயும் அதே மாதிரி குறையுது! ஒரு மின்னலுக்கு ரெண்டு ஃபோட்டான் வந்தா டிடெக்டர் முதல்ல வந்தத மட்டும் எண்ணிட்டு பின்னாடி வந்தத விட்டுடும், அதனால வளைவு முன்பக்கமா சாஞ்சுடுது. நூறு மின்னலுக்கு ஒரு ஃபோட்டான் வந்தா போதும்னு வச்சுக்கோங்க, பொறுமை வேணும், அதுக்குள்ள செல்லு நகந்து தொலையும், வேற வழியில்ல.

கேள்வி: லைஃப்டைம் குறையவே இல்லன்னா ஒட்டலன்னு எழுதிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. டேக் புரோட்டீனோட தப்பான நுனியில இருந்தா ரெண்டும் கட்டிப்பிடிச்சு நின்னாலும் டேக்குங்க 10 நானோமீட்டருக்கு மேல தள்ளி நிக்கலாம். செல்லோட சொந்த புரோட்டீன், டேக் இல்லாதது, உங்க பச்சையோட ஜோடி போட்டுக்கிட்டும் இருக்கலாம். டேக்க அடுத்த நுனிக்கு மாத்திப் பாருங்க. கூடவே பச்சை மட்டும் உள்ள செல்லு ஒண்ணு, பச்சையையும் சிவப்பையும் சின்ன லிங்கரால (இணைப்புத் துண்டால) நேரா கோத்த செல்லு ஒண்ணு, ரெண்டையும் அதே நாள் அதே டெம்பரேச்சர்ல எடுங்க. கோத்ததுலயே குறையலன்னா கோளாறு உங்க புரோட்டீன்ல இல்ல, செட்டிங்ல.